விடைபெறும் கப்பல்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



‘குயின் எலிசபெத் 2’ கப்பல் 1969 முதல் குனார்ட் கம்பெனிக்காக ஓடியது. 1982இல் ஃபாக்லாந்து யுத்தத்துக்குப் படைவீரர்களையும் சுமந்தது. 2007இல் துபாய்க்கு விற்றார்கள். கடைசிப் பயண டிக்கெட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டன! 2008 நவம்பர் 11 காலை, சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும்போது மணல்திட்டில் தட்டி நின்றது. இழுவைக் கப்பல்கள் மீட்டன. அன்று மாலையே பயணிகளுடன் துபாய்க்குப் புறப்பட்டது.

2018இல் அங்கே ஹோட்டலாகிவிட்டது. அறை எடுத்துத் தங்கலாம். ஆனால் கப்பல் நகராது. ஓடும் காலத்தில் பயணம் செய்தவர்கள் பாக்கியசாலிகள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயமும் அப்படித்தான். நடமாட்டம் இருக்கும்போதே அவர்களை நாலு இடம் அழைத்துப் போய் வாருங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.