அடுக்குமாடியில் அக்கினி மூலை
(தேவனாம்பட்டினத்தில் பேசியது)



கூரை வீட்டில் இருப்பவர்களிடம் மாடிவீட்டுக்காரனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். பணக்காரன் இன்று பெருமைக்குச் செய்யும் மூடத்தனத்தை ஏழை நாளைக்குக் கடன் வாங்கியாவது செய்கிறான். அதனால்தான் பேசுகிறோம்.

சென்னையில் நம் நண்பர் ஒருவர் இருபது மாடிக் கட்டிடத்தில் வீடு வாங்கினார். உள்வேலைக்கு ஆள் வருமுன் வாஸ்துக்காரர் வந்துவிட்டார். சமையலறை அக்கினி மூலையில் இல்லையாம்; இடித்து மாற்றாவிட்டால் குடும்பம் நாசமாம்! நாம் கேட்டோம்: “ஐயா, கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராய் இறங்குகிறது. ஆகவே இருபது சமையலறையும் ஒன்றன்மேல் ஒன்றாகவே இருக்கின்றன. மூலைதான் காரணமென்றால் இருபது குடும்பமும் சேர்ந்தல்லவா நாசமாயிருக்க வேண்டும்?” அவர் பரிகாரத்துக்கு விலை சொன்னாரேயொழியப் பதில் சொல்லவில்லை. அவர் இடிக்கச் சொன்ன இடத்தில் ஒரு தூண் இருந்தது. அதில் கைவைத்தால் உண்மையிலேயே இருபது குடும்பத்திற்கும் ஆபத்துதான்!

விறகெரித்த காலத்தில் காற்றும் புகையும் பார்த்து அடுப்பு வைத்தது புத்தி. எரிவாயு வந்தபின்னும் மூலை தேடுவது என்ன புத்தி? உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையில் ஏறிய கடல், கிழக்கு வாசலா தெற்கு வாசலா என்று பார்த்தா உள்ளே வந்தது?

நிற்க. நண்பர் என்ன செய்தார்? பொறியாளரைக் கேட்டு, பாரம் தாங்காத சுவரை மட்டும் எடுத்து, சமையலறையைக் கூடத்தோடு சேர்த்தார். பூஜை அறை புத்தக அறையாயிற்று. வேலைக்கார அம்மாளுக்கென்றிருந்த ஜன்னலில்லாத பொந்தைச் சாமான் அறையாக்கி, அவருக்குக் காற்றோட்டமான அறை கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேஜை. உறவினர்கள் “இது வீடா?” என்றார்கள். புகைக்குள் கிடந்த மனைவி இப்போது கூடத்தில் பேசுகிறார். கணவரும் கரண்டி பிடிக்கிறார். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை!

ஆனால் பல மாளிகைகளில் வேலைக்காரர்களுக்கு வேறு லிப்டு வைத்திருக்கிறார்கள். தரையில் நீளமாய்க் கிடந்த அக்கிரகாரம் இப்போது எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான்! வீட்டுக்குள் மேஜையை மாற்றிய நண்பரால் அந்த லிப்டை மாற்ற முடியவில்லை. அதற்கு எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

1926-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற அம்மையார் ஒரு சமையலறையை வகுத்தார். பெண்ணின் வேலையையும் நேரத்தையும் கணக்கிட்டு வகுத்த அதுபோல் சுமார் 10,000 சமையலறைகள் அங்கே அமைந்தன. அவர் அளந்தது பெண் நடக்கும் தூரத்தை. நம்மவர் அளப்பது கிரகத்தின் பார்வையை!

ஆகவே தோழர்களே! ஒற்றை அறை கட்டினாலும் மூலையைக் கேட்காதீர்கள். காற்று எங்கே வரும், வெளிச்சம் எங்கே விழும், சமைக்கிறவள் உட்கார இடமிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு ஜோசியன் வேண்டாம். வீட்டிலுள்ள பெண்ணைக் கேட்டால் போதும்.