குருதியில் மறைந்திருக்கும் ஈரலழற்சி சி

செங்கமாரி என்றதும் கண்ணின் மஞ்சளையே பலர் தேடுவர். ஆனால் ஈரலழற்சி சி, அதாவது குருதிவழி பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய், அந்த மஞ்சள் தோன்றாமலேயே பல ஆண்டுகள் உடலில் தங்கி ஈரலைத் தழும்பேறச் செய்யக்கூடியது. 1989 இல் இவ்வைரஸ் இனங்காணப்பட்ட பின்னரே குருதியைச் சோதிக்க வழி பிறந்தது. நாரஹேன்பிட்டவில் தேசிய நிலையத்தைக் கொண்டுள்ள இலங்கையின் குருதி மாற்றுச் சேவை, தானமாகப் பெறும் குருதியை எச்.ஐ.வி., ஈரலழற்சி பி ஆகியவற்றுடன் இதற்காகவும் சோதிக்கிறது. ஆயினும் தம் நிலையை அறிவதற்காகவே ஒருவர் இரத்ததானம் செய்வது முறையன்று. தொற்றின் தொடக்க வாரங்களில் சோதனை ஏமாற்றக்கூடும்.

முதற் சோதனை தேடுவது பிறபொருளெதிரியை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் ஆக்கும் புரதத்தை. அது குணமடைந்தவரிடத்தும் நிலைத்திருக்குமாதலால், அப்புரதம் காணப்பட்ட எவரையும் உடனே நோயாளி எனத் துணிவது தவறு. வைரஸின் ஆர்.என்.ஏ. எனும் மரபுப் பொருள் குருதியில் உண்டா எனக் காணும் இரண்டாம் சோதனையே முடிவைத் தரும். அதிலும் உறுதியானால், பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் 100 பேரில் ஏறத்தாழ 95 பேரைக் குணப்படுத்துகின்றன. தடுப்பூசிதான் இன்னும் இல்லை.