அன்னை ஸீகோல்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயாளர்க்குத் தாதியாய், கடல் பல கடந்த யாத்திரிகராய், பெறாத பிள்ளைகட்கு அன்னையாய் 75 ஆண்டுகள் வாழ்ந்த மேரி ஸீகோல் அம்மையாரை இன்று நினைவு கூர்வோம்.

அம்மையார் 1805-ல் ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரிற் பிறந்தவர். தந்தையார் ஸ்காட்லாந்துப் படைவீரர். தாயார் மூலிகை வைத்தியம் கைவந்த கறுப்பின மாது. தாயாரிடமே வைத்தியம் பயின்றார். கியூபா, ஹெய்ட்டி முதலிய தீவுகளுக்கும் யாத்திரை செய்தார். 1851-ல் பனாமாவில் விஷபேதி பரவியபோது, அஞ்சி அகலாது நோயாளரைப் பேணினார். தாமும் அந்நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தார்.

1854-ல் கிரிமியா யுத்தத்திற்குத் தாதியர் வேண்டுமென்றறிந்து லண்டனில் விண்ணப்பித்தார். அதிகாரிகள் ஏற்றிலர். நம் நிறமே தடையாயிற்றோ என்று கண்ணீர் உகுத்தார், ஆயினும் மனந்தளர்ந்தாரில்லை. கைப்பொருள் கொண்டு தாமே சென்று, 1855-ல் பாலக்லாவா அருகே விடுதி அமைத்து உணவும் மருந்தும் வழங்கினார். போர்க்களம் புக்குக் காயமுற்றோர்க்குக் கட்டுக் கட்டினார். வீரர் அவரை ‘அன்னை’ என்றே அழைத்தனர். 1856-ல் போர் முடிய, விலைபோகாத சரக்குகளால் கடனாளியானார். 1857-ல் தம் யாத்திரைகளை நூலாக்கினார். 1881-ல் லண்டனில் மறைந்தார். நெடுங்காலம் உலகம் மறந்திருந்தது. 2016-ல்தான் லண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் அவர்க்குச் சிலை எழுந்தது.

பெரியோர்களே! தாதித் தொழில் நம் பெண்கட்கு ஏலாதென்போர் இன்றும் உளர். நோய்ப்படுக்கையிற் கிடப்பவன் தனக்கு நீர் ஊட்டும் கையின் நிறமும் குலமும் வினவுவானோ? அத்தொழிலை விழையும் மகளிரைத் தடுக்காது, மகிழ்ந்து அனுப்புவோமாக.