வயலின் விலாசம்: டிகிரி எழுதுவதில் ஒரு கவனம்



சொட்டுநீர்ப் பாசன மானியமாகட்டும், பயிர்க் கணக்கெடுப்பாகட்டும், இப்போதெல்லாம் சர்வே நம்பரோடு காரியம் முடிவதில்லை. வயலில் நின்று எடுத்த படமும், அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் கேட்கிறார்கள். எண்ணைச் செல்போனே காட்டிவிடுகிறது. ஆனால் போன் ஒரு விதமாகக் காட்டும், விண்ணப்பத்தில் வேறு விதமாகக் கேட்பார்கள். அந்த இடத்தில்தான் வயல் ஊர் மாறிப் போகிறது.

அட்சரேகை என்பது பூமத்திய ரேகையிலிருந்து நாம் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்ற கணக்கு. தீர்க்கரேகை, இங்கிலாந்தில் கிரீன்விச் என்ற இடத்திலிருந்து எவ்வளவு கிழக்கே என்பது. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு 60 விநாடி. பஞ்சாங்கத்தில் நாழிகைக்கு 60 விநாழிகை என்று பார்க்கிறோமே, அதே அறுபதுதான். தரையில் அளந்தால், தெற்கு வடக்காக ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஒரு நிமிஷம் சுமார் 1,850 மீட்டர். ஒரு விநாடி சுமார் 31 மீட்டர்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு வயல் என்று வைத்துக்கொள்வோம். போனில் 10 டிகிரி 52 நிமிஷம் 30 விநாடி வடக்கு, 79 டிகிரி 6 நிமிஷம் 18 விநாடி கிழக்கு என்று வருகிறது. விண்ணப்பத்திலோ புள்ளி வைத்த எண் கேட்கிறார்கள். அவசரத்தில் என்ன செய்கிறோம்? 10.5230 என்றும் 79.0618 என்றும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பட்டாவில் 1 ஹெக்டேர் 40 ஏர் என்பதை 1.40 என்று எழுதிப் பழகின கை அது. அங்கே நூறு ஏர் ஒரு ஹெக்டேர், ஆகவே சரியாக வரும். இங்கே நூறு இல்லீங்க, அறுபது. டிராக்டர் ரெண்டரை மணி நேரம் உழுதால் வாடகையை 2.30-ஆல் பெருக்கிக் கொடுத்தால் டிராக்டர்காரர் விடுவாரா? 2.5 என்று சண்டைக்கு வருவார். அதே நியாயம்தான் இதற்கும்.

சரியான வழி கஷ்டமில்லை. முதலில் விநாடியை 60-ஆல் வகுத்து நிமிஷத்தோடு சேருங்கள். 30 விநாடி அரை நிமிஷம், ஆக 52.5 நிமிஷம். அதை மறுபடி 60-ஆல் வகுத்தால் 0.875. டிகிரியோடு சேர்த்தால் 10.875. அடுத்ததில் 18 விநாடி 0.3 நிமிஷம். 6.3 நிமிஷத்தை 60-ஆல் வகுத்தால் 0.105. ஆக 79.105. சில கருவிகள் 10 டிகிரி 52.5 நிமிஷம் என்று பாதி வழியில் நிறுத்திக் காட்டும். அதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும்.

திருப்பிப் போக, வகுத்ததைப் பெருக்க வேண்டும். 0.875-ஐ 60-ஆல் பெருக்கினால் 52.5. முழு எண் 52 நிமிஷம். மிச்சம் 0.5-ஐ மறுபடி 60-ஆல் பெருக்கினால் 30 விநாடி. முடிந்தது.

சரி, 10.5230 என்று தப்பாக எழுதினால் என்ன ஆகும்? வயல் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். கந்தர்வகோட்டையையும் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்! சர்வே நம்பர் தஞ்சாவூர் மாவட்டம், இடம் வேறு மாவட்டம் என்றால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? போலி என்று ஒதுக்கினாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. திரும்ப அலைய வேண்டியது நாம்தான்.

இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போடுவது இன்னொரு வம்பு. தமிழ்நாட்டில் அட்சரேகை 8-லிருந்து 14 டிகிரிக்குள், தீர்க்கரேகை 76-லிருந்து 81 டிகிரிக்குள் இருக்கும். அட்சரேகைக் கட்டத்தில் 79 என்று இருந்தால் மாறிவிட்டது என்று உடனே பிடித்துவிடலாம். நம் திருவையாற்று வயலை மாற்றிப் போட்டால் வட துருவத்தை ஒட்டின ஸ்வால்பார்டு தீவுப் பக்கம் போய் நிற்கும். இந்தியா 2008-ல் தொடங்கிய ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான், கிட்டத்தில் இருக்கிறது. பனிக்கட்டியில் குறுவை நட முடியாதுங்க!

புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களைச் சிக்கனம் பண்ண வேண்டாம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் நுணுக்கம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். நான்கு இருந்தால் 11 மீட்டர், ஐந்து இருந்தால் சுமார் ஒரு மீட்டர். ஐந்து எழுதுங்கள். அதற்காக அண்டை வயல்காரரோடு வரப்புத் தகராறுக்கு இந்த எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். செல்போன் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். எல்லைக்கு நில அளவைக் கல்லும் புலப்படமும்தான் பேச வேண்டும்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் கொடுக்கும் முன், எழுதின எண்ணைப் போனில் உள்ள வரைபடத்தில் போட்டு, உங்கள் கிணறும் மோட்டார் கொட்டகையும் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.