நிற்காமல் துடிக்கும் விரல்

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் வலிப்பு வருகிறது. பிறகு ஒரு கையின் விரல்கள் மட்டும் துடிக்கத் தொடங்குகின்றன. மணிக்கணக்கில், நாள்கணக்கில், சில சமயம் தூக்கத்திலும் துடிக்கின்றன. நாளாக நாளாக அந்தக் கை வலுவிழக்கிறது.

இதற்கு ராஸ்முசன் மூளையழற்சி என்று பெயர். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தியோடர் ராஸ்முசன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்களும் 1958-இல் இதை விவரித்தார்கள். இது பெரும்பாலும் மூளையின் ஒரு பாதியை மட்டுமே தாக்கும். உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே நரம்பணுக்களை அழிக்கின்றன. ஏன் ஒரு பாதி மட்டும் என்பதற்கு மருத்துவ உலகில் இன்னும் விடை இல்லை.

ஜெர்மனியில் எடுத்த கணக்குப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒரு கோடிப் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இது வருகிறது. பல மருத்துவர்கள் ஆயுளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்ப்பதில்லை. கண்டுபிடிக்கத் தாமதமாவதும் அதனால்தான். இது தொற்றாது. வலிப்பு மாத்திரைகள் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பாதிக்கப்பட்ட மூளைப் பாதியின் தொடர்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைதான் பலருக்கு வலிப்பை நிறுத்துகிறது. கேட்கவே மனம் பதறும். ஆனால் அதற்குப் பிறகும் பெரும்பாலான குழந்தைகள் நடக்கிறார்கள். பாதிக்கப்பட்ட கையின் விரல்களுக்கு நுண்ணிய அசைவு பொதுவாகத் திரும்புவதில்லை.