பாலர் பள்ளி ஆசிரியையும் தலைமைப் பண்பும்



தலைமை என்றவுடன் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் கண்முன் தோன்றுகின்றன. பாயில் அமர்ந்து, அழும் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடும் பெண்ணை நாம் தலைவி என்று எண்ணுவதில்லை. அவ்வெண்ணம் பிழை என்று சொல்லவே இன்று வந்துள்ளோம்.

1910இல் சிதம்பரம் வந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். 1959இல் மறையும் வரை நம் மக்களின் கல்விக்கே உழைத்தார். நம்முள் எத்தனையோ குடும்பங்களுக்கு எழுத்து வந்தது அவ்வழியே. ஆயினும் பள்ளி வாசலுக்கு முன் இன்னொரு படி இருந்ததை நாம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றபின், கைக்குழந்தை மரநிழலில் தூளியில் கிடந்தது. அதை ஆட்டிக்கொண்டிருந்தவள் ஏழு வயது அக்காள். அந்த அக்காளின் பெயர் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. பாலர் பள்ளி ஒன்று திறந்தால் இரு குழந்தைகள் படிக்கின்றன என்பதை இதனால் அறியலாம்.

அங்கன்வாடி என்னும் சொல்லுக்கே நம்மோடு தொடர்புண்டு. மராட்டியத்தில் போர்டி என்னும் ஊரில் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் 1945இல் பாலர் பள்ளி தொடங்கினர். சேரிக் குழந்தைகள் வரவில்லை. பெற்றோரைக் குறை கூறிக்கொண்டிராமல், அவர்கள் பள்ளியையே சேரியின் முற்றத்திற்குக் கொண்டு சென்றனர். 'அங்கண்' என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மையம் ஊர்த்தெருவில் இருந்தது. நம் குழந்தைகள் வரிசையின் கடைசியில் அமர்வது அங்கே எழுதாத சட்டம். புதிதாகப் பணியேற்ற நம் பெண் ஒருத்தி முதல்நாளே சண்டைக்கு நிற்கவில்லை. பாட்டுப் பாடும்போது குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்தாள்; அப்படியே உணவும் பரிமாறினாள். வட்டத்தில் கடைசி ஏது? சில வீட்டார் குழந்தைகளை நிறுத்திவிட்டனர். அவள் எடைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாலைதோறும் அவர்கள் வாசலுக்குச் சென்றாள். "பெரியம்மா, உங்கள் பேரன் போன மாதத்தைவிட எடை குறைந்திருக்கிறான்" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பெரும்பாலோர் திரும்பினர். இரண்டு வீட்டார் கடைசிவரை திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவளிடம் இருந்த திறமைகள் எவை? சினத்தை அடக்கிக் காலம் பார்த்தாள். கணக்கைச் சரியாக வைத்திருந்தாள். பிழையான பதிவேட்டோடு எவர் வாசலிலும் நிற்க முடியாது. உதவியாளராக இருந்த முதியவளை 'அக்கா' என்றே அழைத்து, எதையும் கலந்து செய்தாள். குழந்தைகளை மிரட்டவே இல்லை. மிரட்டி ஆளும் தலைமையை நம் மக்கள் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

இவர்களின் உழைப்பைத் தொண்டு என்று புகழ்ந்துவிட்டுக் கூலியை மறப்பதும் நடக்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆயிற்று.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பதுபேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்திற்குள் மையம் தரவேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றும் கூறியது. கேட்பதற்குக் கணக்கு வேண்டும். ஆகவே கடலூர் முதல் சிதம்பரம் வரை நம் சங்கத்தினர் உள்ள ஒவ்வொரு தெருவிலும் இருவர் நோட்டும் பென்சிலுமாகப் புறப்படுங்கள். பெயர், வயது, தாய் வேலைக்குச் செல்லும் நேரம் இம்மூன்றையும் எழுதுங்கள். மே 1 கிராம சபையில் அந்த நோட்டை வைத்துப் பேசப்போகிறவள் நம் தெருவின் பாலர் பள்ளி ஆசிரியை. அன்று அவளுக்குப் பின்னால் சென்று அமருங்கள்.