லெவல் கிராஸ் கிராமத்து ரேஸ் குடும்பம்



1949 ஜூன் 19. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் ஒரு கார் பந்தயம். முக்கால் மைல் சுற்றுள்ள மண் பாதை, 33 கார்கள். நாஸ்கார் என்ற அமைப்பு இன்றைக்கு நடத்துகிற பெரிய பந்தயத் தொடருக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போட்டார்கள். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய காரைத்தான் ஓட்ட வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது என்பது விதி. முதலில் வந்தவர் பின்பக்க ஸ்பிரிங்கைப் பலப்படுத்தியிருந்தது தெரிந்ததும், பரிசைப் பறித்து இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது கள்ளச்சாராயம் ஏற்றுகிறவர்கள் பாரம் தாங்குவதற்காகச் செய்துகொள்கிற ஏற்பாடு! போலீசுக்கு டிமிக்கி கொடுத்துக் கார் ஓட்டிப் பழகிய பல பேர் அந்தக் காலத்துப் பந்தயங்களில் இருந்தார்கள்.

அன்று ஓட்டியவர்களில் லீ பெட்டி என்று ஒருவர். வயது 35. லெவல் கிராஸ் என்ற சின்ன ஊர்க்காரர். நண்பர் ஒருவரிடம் ப்யூக் காரை இரவல் வாங்கி, அதிலேயே பந்தயத்துக்கு வந்து, அதையே களத்திலும் இறக்கிவிட்டார். நடுவில் கார் உருண்டது. ஆளுக்கு ஆபத்தில்லை, கார் போச்சு. வீடு திரும்ப வண்டி ஏது? வழியில் போகிறவர்களிடம் லிஃப்ட் கேட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கூட வந்திருந்த மூத்த மகன் ரிச்சர்டுக்கு அப்போது 11 வயது.

நம் வீடுகளில் என்றால் ரேஸ் என்ற பேச்சே அன்றோடு நின்றிருக்கும். லீ என்ன செய்தார் தெரியுமா? கனமான ப்யூக் வேண்டாம், எடை குறைந்த மலிவான ப்ளிமத் போதும் என்று முடிவு செய்தார். அதை வைத்துக்கொண்டு அதே ஆண்டில் ஒரு பந்தயத்தை ஜெயித்தும் விட்டார்.

இந்த விளையாட்டில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஒருவர்தான். மற்ற வேலையெல்லாம் வீட்டாருடையது. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். வாடிவாசலில் காளை நிற்பது சில நொடி, அதற்காக வீடே வருஷம் முழுக்க உழைக்கும். பெட்டி வீட்டிலும் அப்படித்தான். அறுவடை இயந்திரம் நிறுத்துகிற ஒரு கொட்டகை பட்டறையாயிற்று. இளைய மகன் மாரிஸ் சிறு வயதிலேயே போலியோ தாக்கியவர். என்ஜின் கட்டுவது அவர் பொறுப்பு. உறவுக்காரப் பையன் டேல் இன்மன், பந்தயக் குழுவின் தலைமை மெக்கானிக். மூத்தவர் ரிச்சர்ட் ஓட்டினார். 200 பந்தயங்களில் வெற்றி, 7 முறை சாம்பியன். லீயோடு சேர்த்து இந்த நாலு பேரையும் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்திருக்கிறது. ஓட்டுநரோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ஜின் கட்டியவரையும் ஸ்பானர் பிடித்தவரையும் சேர்த்தார்களே, அது சரியான கணக்கு.

புகழுக்கு வராத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இன்றும் சனிக்கிழமை இரவுகளில் இதைத்தான் செய்கின்றன. கால் மைல், அரை மைல் நீளத்தில் சின்னச் சின்ன வட்டப் பாதைகள். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, ராத்திரியில் காரைப் பிரித்து மாட்டுவார்கள். கிடைக்கிற பரிசுப் பணம் பல நேரம் டயர் செலவுக்குக்கூடக் காணாது.

அந்த டயரைப் பற்றியே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வட்டப் பாதையில் கார் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். அதனால் வலப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். வலப்பக்கப் பின் டயரை இடப்பக்க டயரைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தால், கார் தானாகவே இடப்பக்கம் சாயும், வளைவில் இழுபறி குறையும். இதற்காக டயரைச் சுற்றி டேப் வைத்து அளந்து, காற்றைக் கூட்டிக் குறைப்பார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் படிக்கிற முதல் பாடம் அது.

அடுத்த பாடம் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி. 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற ரேஸ் கார்த் தொழிலாளி, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். கார்ட் பிறந்தது அப்படித்தான். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற வழியில்லை. வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி சரியாகத் திரும்பும். அந்தச் சட்டமே வளைந்து கொடுத்து சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. ஓட்டுகிற பிள்ளைக்கு இது உடம்பிலேயே தெரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து வயதிலேயே கார்ட்டில் உட்கார வைக்கிறார்கள். எனக்கு அதில் உறுத்தல் உண்டு. ஆசை பிள்ளையுடையதா அப்பாவுடையதா என்று அந்த வயதில் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனாலும் அப்பாவின் ஆசை மகனுக்கும் ஒட்டிக்கொண்டதற்கு நம் கோயம்புத்தூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ரேலி ஓட்டுநர். ஃபார்முலா ஒன் வரை போன மகன், 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரிலும் ஓட்டினார். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் பாதையில் முதல் பந்தயம், 13-ஆவது இடம். அந்த ஆண்டு அந்தத் தொடரில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அபிமான ஓட்டுநரும் அவரே!

பெண்கள் வெறுமனே வேடிக்கை பார்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1949 ஜூலையில் டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தில் ஃப்ளாக் குடும்பத்து அண்ணன் தம்பிகள் மூவரோடு சகோதரி எத்தலும் ஓட்டினார். இரண்டு சகோதரர்களைப் பின்னுக்குத் தள்ளி 11-ஆவதாக வந்தார்.

வீட்டுக்குள்ளேயே போட்டி வந்தால்? பெட்டி குடும்பத்தில் அதுவும் நடந்தது. 1959-இல் அட்லாண்டாவில் ரிச்சர்டுக்கு முதல் வெற்றி என்று அறிவித்தார்கள். சுற்றுகளை எண்ணியதில் தப்பு என்று ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். யார்? அப்பா லீதான்! திரும்ப எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. வெற்றி அப்பாவுக்குப் போயிற்று. கல்நெஞ்சக்காரர் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பட்டறையில் பாசத்துக்காக அளவுநாடாவை இழுத்துப் பிடிக்கிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் அந்தக் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. 1961-இல் டேட்டோனாவில், ஒரே நாளில், இரண்டு தகுதிப் பந்தயங்களில் மகனும் அப்பாவும் அடுத்தடுத்துத் தடுப்பைத் தாண்டி வெளியே விழுந்தார்கள். ரிச்சர்ட் லேசான காயத்தோடு தப்பினார். லீ மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதோடு அவருடைய ஓட்டம் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. 1975-இல் டாலடேகாவில், பந்தயக் குழுவில் வேலை பார்த்த ரிச்சர்டின் மைத்துனர் ராண்டி ஓவன்ஸ், அழுத்தமேற்றிய தண்ணீர்த் தொட்டி வெடித்து இறந்தார். வயது 20. அவர் கார் ஓட்டக்கூட இல்லை.

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரிச்சர்டின் பேரன் ஆடம், நாலாவது தலைமுறையாகப் பெரிய பந்தயத் தொடரில் காலடி வைத்தார். மூன்று நாளில் கொள்ளுத் தாத்தா லீ காலமானார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தில் சுவரில் மோதி ஆடமும் போய்விட்டார். அவருக்கு 19 வயது.

ஆடமின் அப்பா கைல் பெட்டியும் ரேஸ் ஓட்டுநர். அவர் தன் எண்ணை விட்டுவிட்டு, மகனுடைய 45-ஆம் எண் காரை ஓட்டத் தொடங்கினார். தீராத நோயுள்ள குழந்தைகளுக்காக ஒரு முகாம் கட்ட வேண்டும் என்பது ஆடமின் எண்ணமாக இருந்தது. 2004-இல், வீட்டுக்குப் பக்கத்து ஊரான ராண்டில்மனில், விக்டரி ஜங்ஷன் என்ற பெயரில் குடும்பம் அதைத் திறந்தது. ரிச்சர்டின் இன்னொரு பேரன், மகள் வழிப் பேரன் தாட் மொஃபிட், பிறகு ரேஸ் கார் ஓட்டக் கிளம்பினார். அந்த வீட்டில் அவரை யாரும் நிறுத்தவில்லை.